மஞ்சள் கிரிப்

மருதமுத்து அண்ணன் பத்தொன்பது வருடம் ஸ்கூல் வேன் ஓட்டினார். பாச்சாங்கில் எங்கள் தாமானில், அதாவது எங்கள் குடியிருப்பில், அவருடைய ஹாரனுக்கு ஒரு முறை உண்டு. காலை ஆறு பத்துக்கு ஒரு சின்னத் தட்டு. பிள்ளை வரவில்லை என்றால் இன்னொரு தட்டு. அதற்கும் வராவிட்டால் இறங்கி வந்து கேட்டருகில் நின்று, "அம்மாடி, ஷூ கெடைக்கலையா?" என்று மெதுவாகக் கேட்பார். மூன்றாவது தடவை அவர் ஹாரன் அடித்ததே இல்லை. கைக்குழந்தை உள்ள வீடுகள் இருக்கின்றன என்பார். பிள்ளையைத் தாமதமாக எழுப்பிவிட்டு வேன்காரரைக் கரித்துக்கொட்டும் தாய்மார்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். நானும் அந்த ரகம்தான். ஒரு நாளும் அவர் பதிலுக்கு ஒரு வார்த்தை சொன்னதில்லை.

இப்போது அந்த ஹாரன் கேட்பதில்லை. ஏன் என்று தாமானில் ஆளுக்கொரு கதை சொல்கிறார்கள். குடித்தார் என்றுகூட ஒருத்தி சொன்னாள், கேட்டதும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அதனால் நடந்ததை நானே சொல்லிவிடுகிறேன். இதில் எனக்கும் பங்கு இருக்கிறது, அது நல்ல பங்கு இல்லை.

என் பெயர் வாணி. பாச்சாங்கில் தவுக்கே என்று நாங்கள் கூப்பிடும் ஒரு சீன முதலாளியின் விளையாட்டுச் சாமான் கடையில் பதினாறு வருடமாக நிற்கிறேன். வீட்டுக்காரர் சிங்கப்பூரில் வேலை, மாதம் இரண்டு தடவை வருவார். ஒரே மகள் லோஷினி, மூன்றாம் வகுப்பு. முன்பெல்லாம் நாள் முழுக்க பேட்மிண்டன் ராக்கெட்டுக்கு நரம்பு கட்டிக்கொண்டிருந்தேன். பிறகு பிக்கல்பால் வந்தது. கடைக்குப் பின்னால் இருக்கும் ஹாலில் பேட்மிண்டன் கோடுகளை அழித்துவிட்டுப் புதுக் கோடு போட்டார்கள். ஓட்டை போட்ட பிளாஸ்டிக் பந்து, இடுப்பு உயர வலை, பிங்பாங் மட்டையைக் கொஞ்சம் ஊதிப் பெரிதாக்கியது போல ஒரு மட்டை. அந்த மட்டையைத்தான் பேடல் என்கிறோம். சாயங்காலம் முழுக்க டொக் டொக் என்று சத்தம், தவுக்கேக்கு ஒரே சந்தோஷம். பேடல் தேர்ந்தெடுக்கிற வித்தையை நானும் கற்றுக்கொண்டேன். எந்தக் கைக்கு எந்த பேடல் என்று பார்த்த மாத்திரத்தில் சொல்லிவிடுவேன் என்று ஒரு திமிரும் வந்திருந்தது.

மருதமுத்து அண்ணன் ரெம்பியாவுக்குப் பக்கத்தில் ஒரு ரப்பர்த் தோட்டத்தில் பிறந்தவர். அப்பா மாயாண்டி பால் வெட்டுகிறவர். தொழிலாளர் லயத்து வீடுகளுக்கு நடுவே சுண்ணாம்பில் கோடு போட்டு, இரண்டு கம்பத்தில் மீன் வலையைக் கட்டி பேட்மிண்டன் ஆடி வளர்ந்தவர்கள் அவர்கள். பக்கத்துத் தோட்டத்துப் போட்டிகளில் எல்லாம் அண்ணன்தான் சாம்பியன், கையைத் தூக்காமல் மணிக்கட்டாலேயே அடிப்பாராம். தோட்டம் ரப்பரிலிருந்து எண்ணெய் எடுக்கும் செம்பனைக்கு மாறி, பிறகு வீட்டு மனையாக மாறியபோது டவுனுக்கு வந்தார். கொஞ்ச காலம் தொழிற்சாலை, அப்புறம் இந்த வேன். மனைவி மோகனா அண்ணி தஞ்சோங் கிளிங்கில் ஒரு ஹோட்டலில் துணி வெளுக்கும் பகுதியில் வேலை செய்கிறார். அவர்களுக்குப் பிள்ளை இல்லை. யாராவது விசாரித்தால் அண்ணன், "பன்னெண்டு இருக்கு, எல்லாம் யூனிஃபார்ம் போட்டிருக்கும்" என்பார்.

தோட்டத்து பேட்மிண்டன்காரர்கள் எல்லோரும் பேடல் வாங்கும்போது ஒரே தப்பைச் செய்வார்கள். பழைய கைதானே, மணிக்கட்டால் சுண்டி அடிக்கத் தோதாக நீள முகம், ஒடுங்கின உடம்பு, தலைப்பக்கம் கனம் என்று பார்த்து எடுப்பார்கள். நடுவில் பட்டால் அந்த பேடல் இடி மாதிரி அடிக்கும். கொஞ்சம் தள்ளிப் பட்டால் கையிலேயே திரும்பிக்கொள்ளும். அண்ணனுடையதும் அதே சாதி. அதை வைத்துக்கொண்டே ஒரு வருடம் ஹாலில் எல்லோரையும் ஓட ஓட விரட்டினார்.

போன வருடம் ஜூன் வாக்கில் அவர் தோற்க ஆரம்பித்தார். வலைக்குப் பக்கத்தில் மெதுவாகத் தட்ட வேண்டிய பந்து வலைக்குள்ளேயே விழும். ஓங்கி அடித்தால் பந்து பக்கத்துக் கோர்ட்டுக்குப் போகும். ஒருநாள் பேடலே கையை விட்டு நழுவி மணியம் அண்ணன் காலடியில் போய் விழுந்தது. மணியம் இன்னொரு ஸ்கூல் வேன்காரர், வாய் கொஞ்சம் நீளம். "என்னா மருது, கையில வெண்ணெ தடவிக்கிட்டு வந்தியா?" என்று கேட்டார். எல்லோரும் சிரித்தோம். அண்ணனும் சிரித்தார், ஆனால் பேடலை எடுக்கக் குனிந்தபோது இடது கையை நீட்டினார். நான் அதைப் பார்த்தேன். பார்த்ததை அப்போது பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

மறுநாள் காலைப் பிள்ளைகளை இறக்கிவிட்டுக் கடைக்கு வந்தார். "வாணி, எனக்கு ஒரு நல்ல பேடல் பாத்துக் குடுமா. முன்னாடி நின்னாலும் பின்னாடி நின்னாலும் ஆடுற மாதிரி. கொஞ்சம் தப்பாப் பட்டாலும் பந்து ஒழுங்காப் போவணும்."

"வயசாச்சுன்னு ஒத்துக்கிறீங்களா?"

"ஒத்துக்கிட்டாதான் விப்பியா?"

ஹால் காலியாக இருந்தது. நான்கைந்து பேடல்களையும் ஒரு கூடை பந்தையும் தூக்கிக்கொண்டு போனோம். முதலில் பழைய பேடலாலேயே ஆடச் சொன்னேன், கோளாறு எங்கே என்று தெரிந்தால்தானே வைத்தியம் சொல்ல முடியும். நான் ஒவ்வொன்றாகப் போட்டேன். பந்து பாதிக்குப் பாதி கோணலாகப் போயிற்று. கண் மங்கிவிட்டது, பந்து ஓரத்தில் படுகிறது என்று நினைத்தேன். அதைக் காட்டிவிட்டால் பேச்சு முடிந்தது. என் பையில் லோஷினியின் முகப்பவுடர் இருந்தது. பேடலின் கறுப்பு முகத்தில் அதைத் தூவித் தேய்த்துவிட்டு, "இப்ப பத்துப் பந்து அடிங்கண்ணே" என்றேன். பந்து படுகிற இடத்தில் பவுடர் போய் வட்டமாகக் கறுப்புத் தெரியும்.

பத்து அடித்தார். ஆறு கோணலாகப் போயின. பேடலை வாங்கிப் பார்த்தேன். எட்டு வட்டங்கள் நட்ட நடுவில் ஒன்றன்மேல் ஒன்றாக இருந்தன.

எனக்கு முதலில் புரியவில்லை. கண் சரியாக இருக்கிறது, பந்து நடுவில்தான் படுகிறது, பிறகு எப்படிக் கோணலாகப் போகும்? அண்ணனிடமே பேடலைக் கொடுத்து, அடிக்கிறபோது இருக்கிற மாதிரி பிடிக்கச் சொன்னேன். பிடித்தார். கட்டை விரலும் அடுத்த இரண்டு விரலும் கைப்பிடியைப் பிடித்திருந்தன. மோதிர விரலும் சுண்டு விரலும் மடங்காமல் சும்மா வெளியே கிடந்தன. பந்து வந்து மோதியதும் பேடலின் முகம் சாய்ந்துவிடுகிறது, அதைத் தாங்க அந்தக் கையில் பிடி இல்லை. அந்தக் கைதான் என் மகளைத் தினமும் பள்ளிக்குக் கொண்டுபோகிறது.

அவரும் அந்த வட்டங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தோள் துண்டால் பவுடரைத் துடைத்துவிட்டு, "பேடல் சரியில்ல வாணி" என்றார்.

"ஆமாண்ணே, பேடல்தான்" என்றேன்.

இதைத்தான் நான் முதலிலேயே சொல்ல வந்தது. அந்த ஒரு நிமிடத்தில் வாயைத் திறந்திருக்க வேண்டும். எனக்குப் பயமாக இருந்தது. எதைச் சொன்னால் எது உடையுமோ என்ற பயம். கடைக்காரிக்கு வாடிக்கையாளரிடம் பேச நாக்கு நீளும், அண்ணனிடம் பேச நீளவில்லை. கூடையில் இருந்ததிலேயே பொறுமையான பேடலை எடுத்து நீட்டினேன். அகல முகம், பதினாறு மில்லிமீட்டர் தடிமன், பந்தின் அடியை உள்ளே வாங்கிக்கொள்ளும். கழுத்தில் ஒரு விரலை வைத்துத் தூக்கிக் காட்டினேன், தலைப்பக்கமும் சாயவில்லை, கைப்பிடிப் பக்கமும் சாயவில்லை. முகத்தின் இரண்டு ஓரத்திலும் மெல்லிய ஈயத் துண்டு ஒட்டினேன், அப்படி ஒட்டினால் மட்டை சுலபத்தில் திரும்பாது. கைப்பிடிக்குமேல் ஒட்டுந்தன்மை உள்ள மஞ்சள் கிரிப் நாடாவைச் சுற்றிக் கொடுத்தேன். லேசாகப் பிடித்தாலே கையோடு ஒட்டிக்கொள்ளும் வகை அது. என் பதினாறு வருட அனுபவத்தில் அவ்வளவு பொருத்தமாக யாருக்கும் பேடல் அமைத்ததில்லை. அதை நினைத்தால்தான் இன்னும் கசக்கிறது.

அன்று சாயங்காலமே அண்ணன் ஜெயித்தார். மறுநாளும் ஜெயித்தார். மணியம் அண்ணன் அந்த பேடலை வாங்கி இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்துவிட்டு, "வாணி மந்திரிச்சுக் குடுத்துட்டா லா" என்றார். நாலு பேர் அதே பேடலைக் கேட்டு வந்தார்கள். தவுக்கே எனக்குத் தோசை வாங்கிக் கொடுத்தார். ஹாலில் அண்ணனுடைய கையைப் பற்றி யாருக்கும் சந்தேகம் இல்லை, என் ஒருத்தியைத் தவிர. அவர் அடிக்கிற ஒவ்வொரு நல்ல அடியும் எனக்குப் பயத்தைக் கூட்டியது. பழைய பேடல் காட்டிக்கொடுத்துக்கொண்டிருந்ததை நான் மூடிவிட்டேனே!

அடுத்த வாரம் இன்னும் இரண்டு மஞ்சள் கிரிப் வாங்கினார். அதற்கடுத்த வாரம் நான்கு. "அண்ணே, இத பேடல்ல சுத்துறீங்களா, சப்பாத்தில சுத்திச் சாப்பிடுறீங்களா?" என்று கேட்டேன். சிரித்துவிட்டுப் போனார். நானும் சிரித்தேன். ஒரு கிரிப் இரண்டு மாதத்துக்குத் தாங்கும் என்று எனக்குத் தெரியாதா? தெரிந்தும் மேலே யோசிக்காமல் இருந்தேன்.

ஆயுத பூஜை வந்தது. அண்ணன் வீட்டில் அது பெரிய விசேஷம். வேனைக் கழுவி, கண்ணாடிக்கு மாலை போட்டு, முன்னால் வாழைக்கன்று கட்டி, நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்திருந்தார்கள். வேனுக்குப் பக்கத்தில் போட்ட மேசையில் ஸ்பேனர், டயர் மாற்றும் ஜாக்கி, மோகனா அண்ணியின் இஸ்திரிப் பெட்டி, அவற்றோடு அந்த பேடல், எல்லாவற்றுக்கும் சந்தனம் குங்குமம். வேன் பிள்ளைகள் பன்னிரண்டு பேரும் வந்து சுண்டலுக்கு வரிசையில் நின்றார்கள்.

அண்ணி என்னைக் கூப்பிட்டு சந்தனக் கிண்ணத்தைக் கொடுத்தார். "வாணி, உள்ள ஸ்டியரிங்குக்கு ஒரு பொட்டு வச்சிடுமா. எனக்கு இடுப்பு வளையமாட்டேங்குது."

ஏறி உட்கார்ந்தேன். ஸ்டியரிங்மேல் ஒரு துண்டு போர்த்தியிருந்தது. வெயிலுக்காக இருக்கும் என்று நினைத்து எடுத்தேன். வலது கை பிடிக்கிற இடம் முழுக்க மஞ்சள் கிரிப். ஒன்றன்மேல் ஒன்றாகச் சுற்றிச் சுற்றி, என் மணிக்கட்டு அளவுக்குத் தடித்திருந்தது. ஒரு இடத்தில் நகம் பதிந்து பதிந்து நார் நாராகக் கிழிந்திருந்தது. பொட்டு வைக்கப் போன என் விரல் அதில் ஒட்டிக்கொண்டது.

அது சாதாரண கியர் வண்டி. கியர் மாற்ற இடது கை போய்விட்டால் ஸ்டியரிங் வலது கைக்கு மட்டும்தான். பாச்சாங்கிலிருந்து பள்ளிக்குப் போவதற்குள் எத்தனை தடவை கியர் மாற்ற வேண்டும் என்று மனது தானாக எண்ணத் தொடங்கியது. தலையைத் தூக்கினேன். அண்ணன் கண்ணாடிக்கு வெளியே நின்று என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் துண்டைத் திரும்பவும் போர்த்திவிட்டு இறங்கினேன். அவர் ஏறி வேனை நகர்த்தினார், பழங்கள் நசுங்கின, பிள்ளைகள் கைதட்டினார்கள்.

அன்றே முடிவு செய்துவிட்டேன். என்ன முடிவு தெரியுமா? லோஷினிக்கு வேனில் தலை சுற்றுகிறது, இனிமேல் நானே மோட்டார் சைக்கிளில் கொண்டுபோய் விடுகிறேன் என்று அண்ணனிடம் போய்ச் சொன்னேன். அவர் என் முகத்தை ஒரு தரம் பார்த்தார். "சரிமா" என்றார். மற்ற பதினோரு பேரைப் பற்றி நான் வாயே திறக்கவில்லை. சொன்னால் அண்ணன் சோற்றில் மண்ணைப் போட்டவள் ஆவேன் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். இப்படி ஒரு கோழையைப் பெற்ற என் அம்மாவைச் சொல்ல வேண்டும்.

அதற்குப் பிறகும் காலை ஆறு பத்துக்கு நான் வாசலில் வந்து நிற்பேன். வேன் எங்கள் கேட்டருகில் பழக்கத்தில் வேகம் குறையும், பிறகு போய்விடும். நான் லோஷினியைப் பின்னால் ஏற்றிக்கொண்டு அந்த வேனுக்குப் பின்னாலேயே போவேன். இருட்டில் அதன் சிவப்பு விளக்கு இரண்டையும் பார்த்துக்கொண்டே போவேன். வளைவு வந்தால் மூச்சைப் பிடித்துக்கொள்வேன், வளைந்து முடித்தால் விடுவேன். பின் கண்ணாடியில் பிள்ளைகளின் தலைகள் ஆடும். அந்த ரிப்பன் கட்டின தலை யாருடையது, இந்தக் குடுமி யாருடையது என்று எனக்குத் தெரியும். வேன் விழுந்தால் நான் பின்னால் இருந்து என்ன செய்துவிட முடியும்? ஒன்றும் முடியாது. ஆனாலும் போனேன்.

"அம்மா, ஏன் நாம அங்கிள் பின்னாலயே போறோம்?" என்று லோஷினி கேட்டாள்.

"அதே ரோடுதானே" என்றேன்.

ஏழாம் நாள் பத்து மணிக்கு அண்ணன் கடைக்கு வந்தார். தவுக்கே வெளியே போயிருந்தார். அண்ணன் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"ஒரு வாரமா என் பின்னாலயே வர்ற."

நான் மேசைமேல் கிடந்த பந்துகளைக் கூடையில் அள்ளிப் போட்டேன்.

"கண்ணாடில தெரியுது வாணி. உன் பிள்ளைய எறக்கிட்ட. நல்லதுதான். மத்த பதினோரு பேர ஏன் எறக்கல?"

அவர் கோபமாகக் கேட்டிருந்தால் நானும் கோபப்பட்டுத் தப்பித்திருப்பேன். அவர் உண்மையாகவே பதில் வேண்டிக் கேட்டார். எனக்கு அழுகைதான் வந்தது.

"அழாதமா. எனக்கும் பயம்தான். எங்கப்பாவுக்கு சட்டப் பொத்தான்ல ஆரம்பிச்சிச்சு. ஒருநாள் காலையில பொத்தான் போட வரல. அப்புறம் பால் வெட்டுற கத்தி கீழ விழும், வேல வாங்குற மண்டோர் திட்டுவான். ரெண்டு வருஷம்தான். கை போச்சு, காலு போச்சு, பேச்சு போச்சு. நான்தான் கஞ்சி ஊட்டுவேன். கடசில அத முழுங்கவும் முடியல. கண்ணு மட்டும் என்னையே பாக்கும்." சொல்லும்போது அவர் வலது கையை இடது கையால் பிடித்துக்கொண்டிருந்தார்.

அப்போதுதான் கவனித்தேன். அண்ணன் அணிந்திருந்தது தலைவழியே மாட்டுகிற டீ சட்டை. ஐந்தாறு மாதமாக அவர் வேறு எதுவும் போட்டு நான் பார்க்கவில்லை. கோயிலுக்கும் அதுதான், கல்யாணத்துக்கும் அதுதான். வெள்ளைச் சட்டை போடாமல் கோயில் வாசல் மிதிக்காத மனிதர் அவர்.

"டாக்டர்கிட்ட போனீங்களாண்ணே?"

"போனா பேரு சொல்லிடுவாங்க. பேரு சொல்லாத வரைக்கும் இது சும்மா மரத்துப்போன கைதானே?"

"அண்ணிக்குத் தெரியுமா?"

"தெரியாத மாதிரி இருக்கா." ஸ்டூலை இன்னும் முன்னால் இழுத்துக்கொண்டார். "பேடல் வேற, ஸ்டியரிங் வேற வாணி. பேடல் கையில ஆடும், ஸ்டியரிங் எங்க ஆடப்போவுது? பத்தொம்போது வருஷமா இதே ரோடு. நீ நாளைக்கு என்கூட வந்து முன்னால உக்காரு. வேணான்னு நீ சொன்னா அங்கயே சாவியக் குடுத்துடறேன். நான் நல்லாத்தான் ஓட்டறேன், நீயே பாரு."

அங்கேயே, அந்த நிமிடமே சாவியைக் கேட்டிருக்க வேண்டும். நான் தலையை ஆட்டினேன். அவர் சொல்வது உண்மையாக இருந்துவிடக்கூடாதா என்ற ஆசை. இந்த மடத்தனத்துக்கு என்னை நானே இன்னும் மன்னிக்கவில்லை.

மறுநாள் ஆறு பத்துக்குச் சின்னத் தட்டு கேட்டது. லோஷினியையும் ஏற்றிக்கொண்டு போனேன். மற்றவர்கள் தங்கள் பிள்ளைகளை நம்பி உட்கார வைத்திருக்கும்போது என் பிள்ளையை மட்டும் வீட்டில் விட எனக்கு மனது ஒப்பவில்லை. அண்ணன் நேராக உட்கார்ந்து, கண்ணைச் சாலையிலிருந்து எடுக்காமல் ஓட்டினார். முதல் நான்கு வளைவும் நன்றாகத்தான் வளைந்தார். வலது கை அந்த மஞ்சள் தடிப்பின்மேல் கிடந்தது. கியர் போடும்போதெல்லாம் வலது முழங்கையை ஜன்னல் ஓரத்தில் முட்டுக்கொடுத்துக்கொண்டார், அதை எப்போது கற்றுக்கொண்டாரோ! பின்னால் பிள்ளைகள் வாய்ப்பாடு சொல்லிக்கொண்டிருந்தார்கள். எனக்கு மெல்ல நம்பிக்கை வந்தது.

தாமானை விட்டுப் பெரிய ரோட்டில் வலது பக்கம் திரும்ப வேண்டிய இடம். பச்சை விழுந்தது. அண்ணன் ஸ்டியரிங்கை வலதுபுறம் ஒடித்துப் பாதி திரும்பினார், இரண்டாவது கியருக்கு இடது கை போனது. அந்த நேரத்தில் வலது கை நழுவியது. சத்தமே இல்லை. விரல்கள் அப்படியே திறந்துகொண்டன, ஸ்டியரிங் தானாகச் சுழன்று நேராக வந்தது. வேன் நேரே எதிர்ப்பக்கத்துப் பெரிய லோங்காங்கை நோக்கிப் போனது. சாக்கடையின் கறுப்புத் தண்ணீர் விளக்கு வெளிச்சத்தில் மின்னியதை நான் பார்த்தேன். லோஷினி என்று கத்தினேனா, அண்ணே என்று கத்தினேனா, நினைவில்லை. அவர் கியரை விட்டுவிட்டு இடது கையால் ஸ்டியரிங்கைப் பிடித்து இழுத்து பிரேக்கை மிதித்தார். இன்ஜின் நின்றது. ரோட்டுக்குக் குறுக்கே நின்றோம். ஒரு லாரி ஹாரனைக் கிழித்துக்கொண்டு வந்து என் ஜன்னலுக்கு ஒரு கை தூரத்தில் நின்றது. லாரிக்காரர் மலாயில் கத்தினார்.

பின்னால் பிள்ளைகள் சிரித்தார்கள். "அங்கிள், லகி சேகாலி! இன்னொரு தடவ!" என்று ஒரு குரல் கேட்டது.

அண்ணன் திரும்பிப் பார்க்கவில்லை. ஒரே கையால் வேனைக் கிளப்பி ஓரத்தில் கொண்டுபோய் நிறுத்தினார். சாவியைத் திருக வலது கையால் முடியவில்லை. இடது கையைக் குறுக்கே கொண்டுவந்து அணைத்து, சாவியை எடுத்து என் மடியில் வைத்தார்.

"மணியத்துக்கு போன் போடு" என்றார்.

மணியம் அண்ணன் கால் மணி நேரத்தில் வந்துவிட்டார். வழியெல்லாம் என்ன கேலி யோசித்துக்கொண்டு வந்தாரோ, அண்ணன் முகத்தைப் பார்த்ததும் வாயை மூடிக்கொண்டார். பிள்ளைகளை இரண்டு இரண்டாகத் தன் வேனில் ஏற்றினார். "பாய் அங்கிள்" என்று ஒவ்வொன்றும் கையை ஆட்டிவிட்டுப் போயிற்று. அண்ணன் பன்னிரண்டு பேருக்கும் இடது கையை ஆட்டினார்.

எல்லோரும் போன பிறகு ஸ்டியரிங்கைக் காட்டி, "அத எடுத்துடு வாணி, எனக்குப் பிரிக்க வராது" என்றார். நான் நகத்தால் கீறிக் கீறிப் பிரித்தேன். ஆறு கிரிப். ஆறையும் விற்றவள் நான்தான். கடைசிச் சுற்றை உரித்த பிறகும் பிசின் போகவில்லை, பிசுபிசுவென்று கையில் ஒட்டியது. அண்ணன் அழுதார். பத்தொன்பது வருடத்தில் அவர் அழுது நான் பார்த்ததில்லை, யாரும் பார்த்திருக்கமாட்டார்கள்.

அன்று சாயங்காலம் பதினோரு வீட்டுக் கதவையும் நான் தட்டினேன். வேன் ஏன் நின்றது என்று சொன்னேன், எனக்கு எப்போதிலிருந்து தெரியும் என்பதையும் சொன்னேன். இரண்டு பேர் என்னைத் திட்டினார்கள். ஒருத்தி கதவை முகத்தில் சாத்தினாள். அது எனக்குக் கிடைக்க வேண்டியதுதான்.

மூன்று வாரம் கழித்து ஆஸ்பத்திரியில் நரம்பு டாக்டரைப் பார்க்க நாள் கொடுத்தார்கள். கூட வரச் சொல்லி அண்ணி என்னைக் கேட்டார். நீள வராந்தாவில் பிளாஸ்டிக் நாற்காலிகள், சுவரில் எண் மாறும் பலகை. எங்கள் எண்ணுக்கு இன்னும் நாலு பேர் இருந்தார்கள். அண்ணிக்கு உள்ளங்கை வியர்த்துக்கொண்டே இருந்தது, முந்தானையில் துடைத்துத் துடைத்துப் பார்த்தார். கழுத்து நரம்பு ஏதாவது அமுங்கியிருக்கும், ஆபரேஷன் செய்தால் சரியாகிவிடும் என்று நான் இணையத்தில் படித்ததை எல்லாம் ஒப்பித்தேன். அப்படியும் இருக்கலாம். அப்பாவுக்கு வந்ததாகவும் இருக்கலாம். மூன்று பேருக்கும் அது தெரியும். பலகையில் எண் மாறும்போதெல்லாம் மூன்று பேரும் ஒன்றாகத் தலையைத் தூக்கினோம்.

அண்ணன் அன்று வெள்ளைச் சட்டை போட்டிருந்தார், கோயிலுக்குப் போடுகிற முழுக்கைச் சட்டை. ஒரு பொத்தான் மாறிப் போய், மேலே ஒரு ஓட்டையும் கீழே ஒரு பொத்தானும் மீதம் நின்றன. கழுத்துப் பக்கம் ஏறியும் இறங்கியும் கோணலாக இருந்தது. நடுவில் இரண்டு பொத்தான் போடப்படவே இல்லை. பார்க்கச் சகிக்காமல் நான் கையை நீட்டினேன்.

"நாப்பது நிமிஷம் நின்னு அவரே போட்டாரு" என்றார் அண்ணி. "என்னத் தொடவே விடல."

அண்ணன் என் கையை இடது கையால் பிடித்து மெதுவாக விலக்கினார். அவர் கை சில்லென்று இருந்தது.

"வேணாம் வாணி, அப்படியே இருக்கட்டும்" என்றார். "டாக்டரு பாக்கணும்."